பத்தாயமும் பெயரும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லைப் பற்றியும் பெயரைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறேன் என்று செயலாளரிடம் கூறியபோது, இரண்டுக்கும் என்ன உறவு என்று வியந்தார். உறவு உண்டு. அதுவும் நாஞ்சில் நாட்டில், நெல்லைத் தொடாத பெயர் எது, பெயரைத் தொடாத நெல் எது என்று பிரிப்பதே அரிது. மேலும் இது பத்தாம் ஆண்டு. பத்தில் ஒன்றைக் கேட்டுப் பெறும் உரிமை பத்தாண்டு நிறைந்த வட்டத்துக்கு உண்டு. ஆகவே பத்தில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

விளைந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பதைத் ‘தசமபாகம்’ என்று விவிலியத் தமிழ் கூறும். குமரி மாவட்டத்தில் இந்தச் சொல்லை அறியாதவர் குறைவு. இடைக்கால ஐரோப்பாவில் இது விருப்பக் காணிக்கை அன்று; சட்டம் பிடித்து வாங்கிய கட்டாயப் பங்கு. பத்துக் கதிர்க்கட்டில் ஒரு கட்டு திருச்சபைக்கு. அந்தக் கட்டுகளைச் சேர்த்து வைக்க எழுந்தவையே தசமபாகக் களஞ்சியங்கள். இங்கிலாந்தில் பிராட்ஃபர்டு-ஆன்-ஏவன் என்னும் ஊரில் ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்குரிய 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. கிரேட் காக்ஸ்வெல் என்னும் சிற்றூரில் பியூலி மடத்துத் துறவியர் கட்டியதைக் கண்டு கவிஞர் வில்லியம் மோரிஸ் மனம் பறிகொடுத்தார். இலண்டன் விமான நிலையத்துக்கு அருகே, ஹார்மன்ஸ்வொர்த்தில், 1426ஆம் ஆண்டுக் களஞ்சியம் ஒன்று ஏறத்தாழ 58 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. உள்ளே மரத்தூண்கள் இருபுறமும் அணிவகுக்க, நடுவே அகன்ற பாதை. தேவாலயத்தின் உட்புறமே போல. இவற்றுள் பல, உண்மையில் பத்தில் ஒரு பங்கை வைத்தவையும் அல்ல. மடமே நிலக்கிழாராக இருந்து, தன் வயலின் விளைச்சலைத் தானே கொண்டு சேர்த்த இடங்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். நம் ஊருக்குத் திரும்பும்போது இது உதவும்.

அக்களஞ்சியங்களின் வாசலில் நின்றவர்களைப் பாருங்கள். மடத்துக் களஞ்சியப் பண்ணையைக் காத்தவன் கிரேஞ்சர். கதிரடித்தவன் திரெஷர், கூலிக்குக் கதிரடித்தவன் டாஸ்கர். உணவுப்பொருளை அளந்து வழங்கிய பண்டகசாலைக்காரன் ஸ்பென்சர். வேலியும் பயிரும் காத்தவன் ஹேவர்டு. நிலக்கிழாரின் சார்பில் மேற்பார்த்தவன் ரீவ். இவை அனைத்தும் இன்று ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள். இளவரசி டயானா பிறந்த குடும்பம் ஸ்பென்சர் குடும்பம்; அப்பெயரின் அடியில் இருப்பது நெல்லளந்த கை. அல்ல, அங்கே கோதுமை. பிரான்சில் ‘லக்ராஞ்சு’ என்றால் களஞ்சியம். பெருங்கணித மேதை ஒருவர் அப்பெயரால் உலகறிந்தார். சுவிட்சர்லாந்திலும் செருமானிய நாட்டிலும் ‘செண்டர்’ என்றொரு குடும்பப் பெயர் உண்டு. பொருள், பத்தில் ஒன்றை வாங்குபவன்.

ஏன் இப்படி? ஊரில் ஐந்து ஜான்கள் இருந்தால், அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது குழப்பம் இல்லை. முகம் தெரியும், குரல் தெரியும். குழப்பம் கணக்கனுக்குத்தான். எந்த ஜான் கட்டினான், எந்த ஜான் பாக்கி என்று எழுத வேண்டியவன் அவன். 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் மெல்ல உறைந்து நிலைத்த காலமும், வரிப்பட்டியல்கள் பெருகிய காலமும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் அன்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள்தாம் இன்று அந்நாட்டுப் பெயராய்வாளர்களின் பெருஞ்செல்வம். தாய் இட்ட பெயர் ஒன்று; கணக்கன் எழுதிய பெயர் மற்றொன்று. பிற்சந்ததிக்குப் போய்ச் சேர்ந்தது கணக்கன் எழுதியது.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

பத்தாயம் என்ற சொல்லை எடுத்தவுடன் ‘பத்து + ஆயம்’ என்று பிரிக்கக் கவிஞர்களின் நா துடிக்கும். பத்தில் ஒன்றாகிய ஆயம், அதாவது வரி, அதை வைக்கும் பெட்டி! அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துவருவதை நம்பிச் சொற்பிறப்புக் கூறுவது கவிதைக்கு ஆகும், ஆராய்ச்சிக்கு ஆகாது. இதே சொல்லுக்கு எலிப்பொறி என்ற பொருளும் உண்டு. அடூர் கோபாலகிருஷ்ணன் 1981இல் எடுத்த ‘எலிப்பத்தாயம்’ என்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு, நெல் நிறைந்த பழைய வீடு எப்படிப் பொறியாகிறது என்பது விளங்கும்.

நாம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய சொல் வேறொன்று. கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் கொட்டாரம் என்னும் ஊரை நாம் எல்லோரும் கடந்திருக்கிறோம். மலையாளத்தில் கொட்டாரம் அரண்மனை. நம்மூர்க் கொட்டாரத்துக்கும் அந்தப் பொருளையே சொல்வது வழக்கம். ஆனால் தமிழில் இச்சொல்லின் பழம்பொருள் நெற்கூடம். வடமொழியில் ‘கோஷ்டாகாரம்’ என்பது களஞ்சிய அறை. பொருள்நூல் எழுதிய கௌடிலியர் அதற்கென்றே ஓர் அதிகாரியை நியமிக்கிறார். சோகௌரா என்னும் இடத்தில் கிடைத்த மிகப் பழைய செப்பேடு, இடர்க்காலத்துக்கென்று இரு களஞ்சியங்களை இச்சொல்லாலேயே குறிக்கிறது. அது தெற்கே வந்து கொட்டகாரமாய், கொட்டாரமாய்த் தேய்ந்தது. திருவரங்கம் கோயிலுக்குள் வட்டவடிவில் செங்கல்லால் எழுப்பிய பெரும் நெற்குதிர்களுக்கு இன்றும் திருக்கொட்டாரம் என்றே பெயர். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று உள்ளது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெற்கூடம் எப்படி அரண்மனை ஆயிற்று என்று கேட்டால், விடை எளிது. நெல் எங்கே போய்ச் சேர்கிறதோ, அதுதானே அரசன் வீடு!

இதே கோஷ்டாகாரம் வடமேற்கே சென்று ‘கோட்டார்’ ஆகி, அதைக் காத்தவன் ‘கோத்தாரி’ ஆனான். இராசத்தானத்திலும் குசராத்திலும் கோத்தாரி என்னும் குடும்பப் பெயர் கொண்டோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒருவர் நம் கொட்டாரத்தில் பேருந்தை விட்டு இறங்கினால், தம் பெயரின் மீதே கால் வைக்கிறார். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம் கோட்டாறு வேறு. அது ஆற்றால் வந்த பெயர். இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

கேரளத்தில் ‘ஐதிஹ்யமாலை’ தொகுத்த சங்குண்ணியின் வீட்டுப்பெயர் கொட்டாரத்தில். களத்தில், களப்புரய்க்கல் என்ற வீட்டுப்பெயர்கள் அங்கே ஏராளம். களம் என்றால் நெற்களம். களப்புரை என்றால் களத்தோரத்துக் கூடம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் களமும் கொட்டாரமும் ஆட்பெயரோடு ஒட்டிக்கொண்டன. இப்பால் அவை ஊர்ப்பெயராக நின்றுவிட்டன. இடையே இருக்கிற நாஞ்சில் நாடு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டது. நம் இயல்பே அதுதானே!

பண்டாரம் என்னும் சொல்லின் கதையோ இன்னும் விந்தையானது. பண்டாரம் என்றால் கருவூலம், பண்டகசாலை. வடக்கே அதைக் காத்தவன் பண்டாரி ஆகி, அது பஞ்சாபிலும் இமயமலைச் சரிவுகளிலும் குடும்பப் பெயராயிற்று. நம்மிடத்தில் பண்டாரம் என்றால் திருநீறு பூசிக் கையில் ஓடேந்தி வருபவர். கருவூலத்துக்கும் கையேந்துவோருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. கவிஞர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நெல்லும் பெயரும் சந்தித்த மிகப்பெரிய இடம் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர். இராசராசன் 1014ஆம் ஆண்டளவில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. அந்த நெல்லை அளக்கும் மரக்காலுக்குக்கூடப் பெயர் உண்டு: ஆடவல்லான். இறைவனின் பெயர் அளவைக்கு! சுவரில் அப்பெண்டுகள் பட்டியலாக நிற்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒன்றுவிடாமல். அத்தனை பெயர்க்கும் முன்னால் ‘நக்கன்’ என்ற ஒரே அடைமொழி. நக்கன் என்பது சிவனின் பெயர். அதாவது கோயிலையே வீடாகக் கொண்டவர்க்கு இறைவன் பெயரே குடும்பப் பெயர். அதன்பின் வருவது தனிப்பெயர். எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர்! தூக்கிய திருவடியை ஒரு பெண்ணின் பெயராக்கிய தாய் யாரோ! பங்கு பெறுபவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பாட எவரும் அவர்கள் பெயரை எழுதவில்லை. நூறு கலம் நெல் கணக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எழுதினார்கள். நெல்லுக்காக எழுதிய பெயர் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. பெயர் நிலைபெறுவது தொட்டிலருகே அன்று, நெல்லளக்கும் வாசலில் என்பதே நான் இங்குச் சொல்ல வந்த ஒரே செய்தி. மற்றவையெல்லாம் அதன் விரிவுதான்.

நாஞ்சில் நாட்டில் நெல்லளந்த வாசல்கள் பெரும்பாலும் கோயில் வாசல்கள். சோழர் கைக்கு இந்நாடு வந்தபோது அவர்கள் செய்த முதல் காரியங்களுள் ஒன்று பெயர் மாற்றம். சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று. அப்பெயர்கள் கல்லில் நிற்கின்றன, வாயில் நிற்கவில்லை. கோயில் நிலத்தை உழுதவன் விளைச்சலில் மேல்வாரத்தைக் கோயிலுக்கு அளந்தான், குடிவாரம் அவனுக்கு. இது பத்தில் ஒன்று அன்று, அதற்கு மிக மேல். மடமே நிலக்கிழார் என்று முன்னே சொன்னேனே, அதுதான் இங்கும். இங்கே தெய்வமே நிலக்கிழார்.

நிலக்கிழாரின் பெயர் குடியானவன் பிள்ளைக்கு வருவது இயல்பு. சுசீந்திரத்து இறைவன் தாணுமாலயன். தாணு சிவன், மால் திருமால், அயன் நான்முகன். அந்தத் தாணு இந்நாட்டின் எத்தனை வீடுகளில் தவழ்ந்திருக்கிறது! தாணு, சிவதாணு, தாணுலிங்கம், தாணுமாலயன். கவிமணியின் தந்தையார் சிவதாணுப் பிள்ளை. திருவிதாங்கூரின் முதல் மக்களாட்சிப் பிரதமராக 1948இல் பொறுப்பேற்ற பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரிலும் இந்தத் தாணுதான். தாணு என்றால் அசையாத கட்டை, தூண். வேறெந்த மாவட்டத்திலும் இப்பெயர் இத்தனை அடர்த்தியாக இல்லை. பூதப்பாண்டியைச் சுற்றிப் பூதலிங்கம், வடிவீசுவரத்தில் அழகம்மாள், கடற்கரையோரம் பகவதி. ஒருவர் பெயரைக் கேட்டால் அவர் முன்னோர் எந்தக் கோயிலின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார் என்று கூறிவிடலாம் என்று முதியோர் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆயினும் முற்றும் பொய் அன்று.

களஞ்சியம் இல்லாத தெய்வங்களும் உண்டு. சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன், சாத்தா. இவர்களுக்கு வயலும் இல்லை, வாரமும் இல்லை. ஆண்டுக்கொரு கொடை மட்டும். இவர்கள் பெயரைத் தாங்கியவர்கள் எல்லாம் ஏழைகள் என்று சாதியாலும் செல்வத்தாலும் கோடு கிழித்துவிட முடியாது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பெயரில் உள்ள ‘எஸ்’ சுடலைமுத்து. 1907இல் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. அவர் ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்றால் சிலகாலம் உயிரின்பன் ஆனார். மீண்டும் ஜீவானந்தமே ஆனார். ஒரு மனிதர் தம் பெயரோடு நடத்திய இத்தனை போராட்டம் எந்த வரிக்கணக்குக்கும் அடங்காது.

பதவி குடும்பப் பெயரானதற்கு நாஞ்சில் நாடு தரும் தெளிவான சான்று அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார்கள். இங்கே முதலியார் என்பது சாதிப்பெயர் அன்று. அவர்கள் வேளாளர், அது வேணாட்டரசர் வழங்கிய பதவிப்பெயர். அப்பெயர் வழிவழியாக வந்தது. அவ்வீட்டில் சேர்ந்திருந்த ஓலைகளே ‘முதலியார் ஓலைகள்’. கவிமணி அவற்றின் அருமையை உணர்ந்து படித்தார், பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்து நமக்குக் கைக்கெட்டச் செய்தார். செண்பகராமன் என்பதும் அரசர் கொடுத்த பட்டம். தலக்குளத்து வேலுத்தம்பித் தளவாயின் முழுப்பெயரில் அது பட்டமாக நிற்கிறது. பிறகு வந்தோர்க்கு அதுவே இயற்பெயர் ஆயிற்று. பட்டம் தொட்டிலுக்கு இறங்கிய வகை இது.

மார்த்தாண்டவர்மர் 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். அன்றுமுதல் கொள்கையளவில் திருவிதாங்கூரின் ஒவ்வொரு நெல்மணியும் இறைவன் பண்டாரத்துக்குரியது. கர்னல் மன்றோ 1811ஆம் ஆண்டை ஒட்டிக் கோயில் நிலங்களைச் சர்க்காரின் கைக்குக் கொண்டுவந்தார். வாசலில் நின்ற கோயில் கணக்கன் போய்ப் பார்வத்தியக்காரர் வந்தார். 1865இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாகி, சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு உரிமை கிடைத்தது. அப்போது எழுந்த கேள்வி, யார் பெயரில் என்பது. திருவிதாங்கூர் வருவாய்த் துறையில் ஒரு சொல் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். தண்டப்பேர். தண்டல் என்றால் வரி திரட்டுதல். பேர் என்றால் பெயர். எந்தப் பெயரில் வரி திரட்டப்படுகிறதோ அந்தக் கணக்கு தண்டப்பேர். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் வரலாறு முழுவதும் நம் கிராம அலுவலகத்தின் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் தசமபாகத்தைத் தானியத்திலிருந்து பணத்துக்கு மாற்றியபோதும் இதுவே நடந்தது. ஊர்தோறும் வரைபடம், வயல்தோறும் எண், எண்தோறும் உடையவன் பெயரும் உழுபவன் பெயரும்.

தண்டப்பேரில் யார் பெயர் ஏறிற்று? மருமக்கள்வழிக் குடும்பத்தில் காரணவர் பெயர். பத்தாயத்துச் சாவி அவர் மடியில். பெற்ற பிள்ளை அந்நெல்லை உண்ணலாம். உரிமை கொண்டாட முடியாது. அன்பினால் கொடுத்தால் உண்டு. அதற்கு ‘உகந்துடைமை’ என்று பெயர். என்ன அழகான சொல், என்ன கொடுமையான ஏற்பாடு! காரணவரின் ஐந்தாம் மனைவி வாய்வழியாகக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடியதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நகைச்சுவை நூல் என்று அதைப் பாராட்டிப் பாராட்டி, அதன் நடுவில் பூட்டிக் கிடக்கும் பத்தாயத்தை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. 1926ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, குடும்பச் சொத்துப் பிரிந்தது. பாகப்பத்திரம் எழுதும்போது பெண்கள், பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் பெயரும் எழுத்தில் ஏற வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் என்றிருந்த கணக்கில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பெயர் வந்தது அப்போதுதான்.

இவ்வளவும் வாசலுக்கு உட்புறத்துக் கதை. வெளியே நின்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த உரை குறையுடையது.

கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் கதிரறுத்தவர், களத்தில் சூடடித்தவர், பொலி அளக்கையில் கைகட்டி ஓரம் நின்றவர் யார்? கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால் என்று கணக்குப் பிசகாமல் பத்தாயத்தை நிறைத்தவர் யார்? கிரேஞ்சர் என்றும் ஸ்பென்சர் என்றும் களஞ்சியம் அங்கே பெயர் கொடுத்தது. கதிரடித்த டாஸ்கருக்கும் கொடுத்தது. இங்கே கதிரடித்தவனுக்கு அது எந்தப் பெயரும் கொடுக்கவில்லை. இருந்த சொல்லையும் பறித்தது. சாமுவேல் மெட்டீர் பாதிரியார் 1871இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்: திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டவர் தம் உணவைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தம்மை நான் என்று சொல்லக் கூடாது. அடியேன் என்று சொல்ல வேண்டும். நெல்லை விளைத்தவன் வாயில் சோறு என்ற சொல் கூடாது! முதலியார் ஓலைகளுள் ஆளடிமை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. 1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை, அவர்கள் பெயர் எழுத்தில் ஏற்பட்ட இடம் பெரும்பாலும் விற்பனைச் சீட்டுத்தான். நெல்லைப் பெறுபவராக எழுதப்பட்ட தஞ்சைப் பெண்களை முன்னே கண்டோம். நெல்லைப்போல் அளந்து விற்கப்பட்டவர்களாக எழுதப்பட்டவர்கள் இவர்கள்.

இந்த வாசலை விட்டு நகர்ந்து வேறு வாசலில் போய்ப் பெயர் பெற்றவர்களும் உண்டு. மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர். பெயர் மகாராசன், நடக்க உரிமையுள்ள தெருக்களோ சில. அவர் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூர் வந்தது அவரைத் தொடர்ந்தே. பிற்காலத்தில் மிஷன் விடுதிப் பள்ளிகளில், கடல்கடந்து பணம் அனுப்பிய கொடையாளரின் பெயரையே பிள்ளைகளுக்கு இட்டதும் உண்டு. அப்பெயர்களைக் கேலி செய்வோரை நான் அறிவேன். செய்யாதீர்கள். தாணுவும் நிலக்கிழாரின் பெயர்தான்; அதுவும் நெல்லின் வழி வந்ததுதான். உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பிடியரிசி என்று ஆலயத்துக்குக் கொண்டுவந்த பெண்களின் பத்தாயம் அந்தச் சிறு பானைதான். அதற்குக் காவலும் இல்லை, காரணவரும் இல்லை.

கவிஞர் அவையில் கவிஞர் பெயரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. நம் இலக்கிய வரலாற்றில் முழுமையான ‘குடும்பப் பெயர்’ கொண்ட புலவர் யார் என்று கேட்டால் நான் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பேன். மதுரை, வாழ்ந்த ஊர். கூலவாணிகன், செய்த தொழில். சீத்தலை, வந்த ஊர். சாத்தன், இட்ட பெயர். ஆங்கிலேயர் பின்னர் நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டதை இவர் ஒருவரே சுமந்தார். கூலம் என்றால் தானியம். தானியம் விற்றவர், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைப் பாடினார். வணிகர் ஒருவர் இருப்புக் குறையாத பாத்திரத்தைக் கனவு கண்டது இயற்கையே என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு, அந்தப் பாத்திரத்தில் அளவை இல்லை, கணக்கில்லை, வாங்க வருபவரின் பெயரைக் கேட்பார் இல்லை என்பதையும் பாருங்கள்.

நம் நாட்டின் பெயரே கலப்பை. நாஞ்சில் என்றால் உழுபடை. புறநானூற்றில் நாஞ்சில் வள்ளுவனிடம் ஔவையார் கீரைக்கு மேலே தூவக் கொஞ்சம் அரிசி கேட்டார். அவன் யானையைக் கொடுத்தான். அரிசி கேட்டவர்க்கு யானை கொடுப்பது கொடையா, கேட்டதைக் காதில் வாங்காமையா என்பதைப் பற்றி இந்த வட்டத்தில் ஓர் அந்திப்பொழுது முழுவதும் வாதிடலாம். செம்புலப்பெயனீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்று வேறொரு வகைப் புலவர்களும் உண்டு. அவர்கள் இயற்பெயர் எந்தக் கணக்கிலும் கிடைக்காமல் போகவே, தொகுத்தவர்கள் அவர்கள் சொல்லையே எடுத்து அவர்களுக்குப் பெயராக்கினார்கள். நெல் கொடுக்காத பெயரைத் தம் சொல்லால் பெற்றவர்கள் இவர்கள் மட்டுமே.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லிற்று. விட்டோம், அது நன்று. ஓரெழுத்துத் தலைப்போடு நின்றோம். இப்போது கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. தந்தை பெயரை அதில் எழுதி, வெளிநாட்டில் போய்த் தந்தை பெயராலேயே அழைக்கப்பட்டுத் திரும்பிப் பார்க்காமல் நிற்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். கணக்கனின் வாசல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் வீட்டுப்பெயர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மேலவீடு, நடுவீடு, களத்துவீடு, கல்குளம் விளவங்கோட்டுப் பக்கத்தில் இன்ன விளை, இன்ன விளாகம் என்று வழங்கிய பெயர்கள் முதியோர் நாவில் மட்டும் இருக்கின்றன. வயல்கள் மனைகளாகின்றன, பத்தாயத்துப் பலகைகளைப் பழம்பொருள் வியாபாரிகள் எடைக்கு வாங்கிச் செல்கிறார்கள். நம் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் பத்து வீட்டுப்பெயரைக் கேட்டு எழுதிக் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டு மலரில் ஒரு பட்டியலை வெளியிடலாம். வீட்டுப்பெயர், ஊர், அதற்குச் சொல்லும் காரணம், அங்கே நெல் வைத்த இடம் எது என்பது. இவை நான்கும் போதும். உடையவர் வீட்டுப்பெயரோடு நின்றுவிடாமல், அவ்வீட்டு வயலில் அறுப்புக்கு வந்து கொத்து வாங்கிய குடும்பங்களின் வீடுகளை ஊரார் எப்பெயரால் அழைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதைக் கேட்க வேறு தெருவுக்குப் போக வேண்டியிருக்கும். பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். தை மாதத்துக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.